நாற்பதாவது கவர்

அத்தியாயம் 17

வலி இடது கட்டைவிரலில்தான். வலது கையில் என்றால் அதற்கொரு நியாயம் உண்டு. பதினெட்டு வருஷமாக ஸ்க்ரூ ஃபேக்டரியின் பேக்கிங் பிரிவில் பெட்டி மடிப்பதும், டேப் ஒட்டுவதும், இருபது கிலோவைத் தூக்கி அடுக்குவதும் அந்தக் கை. அது கல் மாதிரி இருந்தது. காலை ஐந்தரை மணிக்குப் பற்பசை மூடியைத் திருகப்போன பாவ்ஜூவுக்கு, இடது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு சுரீர். மூடி கழுவுதொட்டிக்குள் விழுந்து சுற்றியது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மருந்துப் பட்டை ஒன்றைப் பல்லால் கிழித்து விரலைச் சுற்றி ஒட்டிக்கொண்டாள்.

சமையலறையில் அவள் கணவன் சுன்ஃபா சோயா பாலைக் குடித்துக்கொண்டிருந்தான். கம்பியை நறுக்கி ஸ்க்ரூவுக்குத் தலை அடிக்கும் மெஷினில் அவனுக்கு இருபத்தாறு வருஷம். அந்தச் சத்தம் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. காதுக் கருவி மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் போட்டால் பொண்டாட்டி பேசுவது கேட்கிறது என்று அவன் புகார்.

பட்டையைப் பார்த்தான்.

“ஃபேக்டரில எட்டு மணி நேரம் பேக்கிங். வீட்டுக்கு வந்தா மறுபடியும் பேக்கிங். நம்ம வாசல்ல ஒரு கப்பல் வந்து நிக்கிறதுதான் பாக்கி.”

“இன்னிக்கு வாயத் தொறக்காத. இன்னிக்கு ரெண்டாம் நாள்” என்றாள் பாவ்ஜூ. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு அவன் வாயை மூடிக்கொண்டான்.

மகள் ஷின்யே அதற்குள் காலணி போட்டு வாசலில் நின்றிருந்தாள்.

ஷின்யேக்குப் பதினெட்டு வயது. பேச்சு என்று பார்த்தால் பதினைந்து இருபது சொல். காங்ஷான் ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் சிறப்பு வகுப்பில் கடைசி வருஷம். ஜூனில் பள்ளி முடிகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு இருப்பது ஒரே ஓர் இடம். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவளைப் போன்றவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் பணிக்கூடம். தைவான் முழுக்கப் போகும் மர அலமாரிகளுக்கு ஸ்க்ரூவும் வாஷரும் கவரில் போட்டுக் கொடுக்கும் வேலை. சம்பளம் உண்டு. தினமும் காலையில் போக ஓர் இடம் உண்டு. கிடைக்காவிட்டால் வீடு. வீடு என்றால் பாவ்ஜூ வேலையை விட்டுவிட்டு அவளோடு நாலு சுவருக்குள் உட்கார வேண்டும். இன்னும் இருபது வருஷம், முப்பது வருஷம்.

காலியாக இருப்பது ஒரு நாற்காலி. கேட்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு மூன்று நாள் சோதனை.

நேற்று முதல் நாளில் முப்பது கவர் கொடுத்தார்கள். முப்பதும் சரி.

அந்த முப்பது சும்மா வரவில்லை. இரண்டு வருஷமாக பாவ்ஜூ சாப்பாட்டு மேஜையில் அதைக் கட்டி எழுப்பியிருக்கிறாள். முதலில் குளிர்பானக் கடை ஸ்ட்ரா. தடிமனானது ஒரு டப்பாவில், மெல்லியது ஒரு டப்பாவில். அதில் ஷின்யேக்குக் கை பழக நாலு மாதம். அப்புறம் சாப்பாட்டுக் குச்சியை ஜோடி ஜோடியாகக் காகித உறையில் போடுவது. போன அக்டோபரில், நிலாப் பண்டிகைக்கு வந்த கேக் டப்பா காலியானதும், அதற்குள் ரப்பர் பஞ்சை வெட்டி வைத்துச் சூட்டுக்கோலால் குழி போட்டாள். ஸ்க்ரூவுக்கு எட்டு நீளக் குழி, வாஷருக்கு நாலு வட்டக் குழி. ஷின்யேக்கு எண்ணத் தெரியாது. குழி காலியா நிரம்பியா என்பது தெரியும். குழியெல்லாம் நிரம்பினால் டப்பாவைக் கவிழ்த்துக் கவரில் கொட்டி, ஜிப்பை இழுத்து மூட வேண்டும். மூடும் இடத்தில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவது அவளே சேர்த்துக்கொண்டது.

முலாம் சரியாகப் பிடிக்காத இரண்டாந்தர ஸ்க்ரூவில் அரை வாளியை ஃபோர்மேன் பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருந்தார். அது சரியாக நாற்பது கவருக்கு வந்தது. ஆகவே தினமும் மாலையில் நாற்பது கவர். குளிர்காலம் முழுக்க நாற்பது, புத்தாண்டு விடுமுறையிலும் நாற்பது.

பணிக்கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பாவ்ஜூ ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகக் கூடாது, கையாட்டக் கூடாது, கண்ணில் படாமல் ஓரமாக இருந்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் கோ நேற்றே சொல்லியிருந்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கடுகடு முகம். ஆனால் உள்ளே வேலை செய்யும் பதினாறு பேரும் அவர் நடந்து போகையில் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பதை பாவ்ஜூ கவனித்திருந்தாள்.

இங்கேயும் அதே மாதிரிக் குழித் தட்டுதான்; ஷின்யே நிறுத்தாமல் போட்டாள். குழி, குழி, குழி. கவிழ்ப்பு. ஜிப். நகத்தால் இரண்டு தட்டு. பதினொன்றுக்கு இருபது தாண்டியது. நடுவில் தண்ணீர் குடிக்க எழுப்பினார்கள். குடித்தாள், திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் முப்பத்தேழு. பாவ்ஜூ மூச்சை இறக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சுன்ஃபா வாசலில் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தான். தனக்குச் சத்தம் கேட்காததால் ஊருக்கும் கேட்காது என்று அவன் நினைப்பு. கையை எடுக்காமல் அடிப்பான். எண்ணெய் ஊறிய சட்டையோடு, மூன்று சாப்பாட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். சோறு, கோழித் தொடை, சோயாவில் வெந்த முட்டை. பாதி நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தான். இத்தனை நாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தவன்தான். வாசலில் நின்றபடியே ஆளுக்கொரு பெட்டியைத் தின்று முடித்தார்கள். அரைமணி ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது பெஞ்சுக்குப் பக்கத்தில் கோ நின்றிருந்தார்.

“ஷின்யே அம்மா, உள்ள வாங்க.”

மேஜையைப் பார்த்ததும் பாவ்ஜூவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேலை ஆரம்பிக்கவே இல்லையோ என்று தோன்றியது. ஸ்க்ரூ டப்பா நிறைய ஸ்க்ரூ. வாஷர் டப்பா நிறைய வாஷர். ஓரத்தில் நாற்பது காலிக் கவர்கள், காற்றை அழுத்தி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, கடையில் வாங்கியது போல.

ஷின்யே கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை பாவ்ஜூவுக்குத் தெரியும். தினமும் ஒன்பது மணி வாக்கில் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பார்வை. ‘கெட்டிக்காரி’ என்று அம்மா சொல்வதற்காகக் காத்திருக்கும் பார்வை.

பாவ்ஜூ கோவின் பக்கம் திரும்பினாள்.

கோ நடந்ததைச் சொன்னார். நாற்பது கவரும் போட்டு முடித்தாளாம். ஒன்றில்கூடப் பிசகில்லையாம். அடுத்த கட்டு கவரை எடுத்துவர ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் முதல் கவரை எடுத்துப் பிரித்தாளாம். தடுத்துப் பார்த்தார்களாம், கையை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடி பிரித்தாளாம்.

“ஆத்திரத்துல கலைக்கிற பிள்ளைங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். இது அப்படி இல்ல. வேலை மாதிரியே செய்யறா. அதான் எனக்குப் புரியல” என்றார் கோ. “புரிஞ்சாலும் புரியாட்டியும், முடிச்ச வேலையக் கலைக்கிறான்னு தாள்ல எழுதித்தான் ஆகணும். எழுதிட்டேன்.”

என்ன சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று சுன்ஃபா கூடமே அதிரக் கேட்டான். பதினாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவ்ஜூ உதட்டை அசைத்துச் சொன்னாள். அவன் மகளைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டப்பாவை இழுத்து, ஃபேக்டரியில் ஒரு லாட் சரக்கைச் சோதிப்பதுபோல விரலை உள்ளே விட்டுத் துழாவி, கையளவு அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தான். வாஷர் டப்பாவையும் அப்படியே.

“ஒண்ணுகூட இடம் மாறல” என்றான். “பிரிக்கிறதயும் ஒழுங்காத்தான் பிரிச்சிருக்கா. இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது இத?”

பாவ்ஜூ இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கோ தகவல் சொல்லி, ஒரு மணிக்கு வூ டீச்சர் வந்து சேர்ந்தார். ஷின்யேயின் வகுப்பாசிரியை. முப்பது வயதுக்காரி, எந்நேரமும் தோள்பையில் பசையும் கத்தரியும். விஷயத்தைக் கேட்டதும் அவர் மகளை விட்டுவிட்டு அம்மாவைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“வீட்டுல தினமும் போட்டு முடிச்ச கவர யாரு பிரிக்கிறது?”

“நான்தான் டீச்சர். இருக்கிறதே நாப்பது கவருக்குத்தான் சாமான். பிரிச்சாத்தானே மறுநாளைக்கு ஆகும்.”

“எப்பப் பிரிப்பீங்க?”

“உடனேயே. மேஜையிலயே.”

“அவ பக்கத்துல இருப்பாளா?”

பாவ்ஜூ முழுசாகச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்து பயனில்லை. ஜனவரியில் கட்டைவிரல் வலி ஆரம்பித்ததிலிருந்து ஷின்யேயும் பிரிக்க உதவுகிறாள். முதல் தடவை அவளாகவே ஒரு கவரை எடுத்துப் பிரித்து, ஸ்க்ரூவை ஸ்க்ரூவோடும் வாஷரை வாஷரோடும் போட்டபோது பாவ்ஜூவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் வலியைப் புரிந்துகொண்டாளே என்று. கெட்டிக்காரி என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தினமும் தடவிக் கொடுத்தாள். போட்டு முடித்தபோது அல்ல, பிரித்து முடித்தபோது.

நேற்று கொடுத்ததே முப்பது. இன்றைக்கு நாற்பது வந்தது. எண்ணத் தெரியாவிட்டாலும் வீட்டில் தினமும் சேரும் குவியலின் அளவு அவளுக்குப் பழக்கம்; ஷின்யேயின் கணக்கில் நாற்பதாவது கவர் மூடிவிட்டால் வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியையும் அவள் செய்தாள்.

ஸ்கூலிலும் பிரிக்கத்தான் செய்கிறோம் என்றார் வூ டீச்சர். எல்லா டீச்சரும் பிரிக்கிறோம். வேறு வழி கிடையாது.

“ஆனா பசங்க பஸ் ஏறினப்புறம், கதவச் சாத்திட்டு. போட்டதெல்லாம் எங்கயோ போய்ச் சேருதுன்னு அதுங்க நெனச்சுக்கட்டும்னு. நவம்பர்ல தொடர்பு நோட்டுல இத எழுதியிருந்தேனே, ஷின்யே அம்மா.”

சுன்ஃபா உள்ளே கோவோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கு முப்பதே கொடுங்கள், நேற்றைக்கு ஒழுங்காகத்தானே செய்தாள் என்று. கோ முடியாது என்று தலையாட்டிவிட்டார். நாளைய ஆர்டர் ஐம்பது. எத்தனை என்று நாம் சொல்ல முடியாது, ஆர்டர்தான் சொல்லும் என்றார். எழுதியதை அழிக்கவும் மாட்டார். நாற்பதைத் தாண்டியும் கவர் மூடியது மூடியபடி இருந்தால் அதையும் கீழே எழுதுவார். இரண்டையும் படித்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஏற்கெனவே சோதனை முடித்த இன்னொரு பையன் மூன்று நாளும் முப்பதைத் தாண்டவில்லை என்பதையும் சொன்னார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாவ்ஜூ தொடர்பு நோட்டை எடுத்தாள். பள்ளியிலிருந்து தினமும் வரும் நோட்டு. டீச்சர் ஒரு பக்கம் எழுதுவார், வீட்டில் படித்துவிட்டு, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், சிவப்பு மையில் முத்திரையை முக்கிக் காகிதத்தில் அழுத்துவது ஷின்யேக்குப் பிடித்துப்போனது. கட்டத்துக்குள் கோணாமல், தலைகீழாகப் போகாமல், பெரியவர்களைவிட நேராக வைப்பாள். இதுவும் ஒரு கைவேலைப் பழக்கம்தானே என்று பாவ்ஜூ முத்திரையை மகளின் பென்சில் டப்பாவிலேயே போட்டுவிட்டாள். ஓவர்டைம் நாட்களில் நோட்டைத் திறப்பதுகூட இல்லை. முத்திரை தானாக விழுந்துகொண்டிருந்தது.

நவம்பர் பதினான்கு. வூ டீச்சரின் உருண்டைக் கையெழுத்து. ‘வீட்டில் பயிற்சிக்குப் போடும் கவர்களை ஷின்யே பள்ளியில் இருக்கும் நேரத்தில் பிரியுங்கள். அவள் பார்க்கக் கூடாது. இது முக்கியம்.’

அதற்குக் கீழே பாவ்ஜூவின் பெயர், சிவப்பில், கட்டத்துக்குள் நேராக.

சுன்ஃபா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நோட்டை மூடி வைத்தான்.

“போன வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு நான்தானே போனேன். இதத்தான் அன்னிக்கும் சொல்லியிருப்பாங்க. காதுக் கருவி இழுப்பறைல கெடந்துச்சு” என்றான்.



ஆறரைக்கு ஷின்யே தானாகவே கேக் டப்பாவை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். பாவ்ஜூ தடுக்கவில்லை. ஓர் அட்டைப் பெட்டியும் டேப்பும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யோசனை இதுதான்: போட்ட கவரை அவள் கண்ணெதிரே பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது. போட்டது போகும் என்று ஒரு தடவையாவது அவள் பார்க்க வேண்டும். சுன்ஃபா தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஷின்யே தூங்கப் போனதும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

முப்பத்தைந்தாவது கவரில் குப்பை லாரியின் பாட்டு தெருமுனையில் கேட்டது. குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட சுன்ஃபா எழுந்தான். பாவ்ஜூ அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்த வீட்டிலிருந்து தினமும் வெளியே போவதாக ஷின்யே பார்த்திருப்பது அந்த லாரிக்குப் போகும் பையைத்தான். அதோடு சேர்ந்து இதுவும் போகக் கூடாது. ஒருநாள் குப்பை வீட்டிலேயே நாறட்டும். பாட்டு முழுசாகத் தேய்ந்து மறையும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் சும்மா, ஒருத்தி குழியை நிரப்பிக்கொண்டு.

நாற்பதாவது கவர். ஜிப். நகத்தால் இரண்டு தட்டு.

ஷின்யேயின் கை முதல் கவருக்குப் போனது. அதற்கு முன்னால் பாவ்ஜூ அதை எடுத்துப் பெட்டியில் போட்டாள். அடுத்ததையும். ஷின்யே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அம்மாவின் இடது கையைப் பிடித்து, பட்டை ஒட்டிய கட்டைவிரலைக் கொண்டுபோய் ஒரு கவரின் ஜிப்பின்மேல் வைத்தாள். நீ மறந்துவிட்டாய், இதுதானே உன் வேலை என்பதுபோல.

பாவ்ஜூ கையை விடுவித்துக்கொண்டாள். வேகமாக எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டு மூடி, வலது கையால் ஒரே இழுப்பில் டேப்பை ஒட்டினாள். பதினெட்டு வருஷப் பழக்கம்.

சுன்ஃபா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஷின்யே தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு வெறுங்காலோடு வாசல்வரை ஓடினாள். ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கு முனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலி டப்பாவைப் பார்த்தாள். குழிகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்து எடுத்தாள். பன்னிரண்டு குழி. அப்புறம் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

இத்தனை மாதத்தில் அவள் அந்த மூடியைத் தொட்டதே கிடையாது. முடிந்தது என்று மூடினாளா, இனி வேண்டாம் என்று மூடினாளா என்று பாவ்ஜூவுக்குத் தெரியவில்லை. கெட்டிக்காரி என்று சொன்னாள். ஷின்யே நிமிரவில்லை.

கால் மணி கழித்து சுன்ஃபா வெறுங்கையோடு வந்தான்.

“பெட்டி எங்க?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“முனையில இருக்கிற ஹார்டுவேர் கடை லின்னுக்கு. ரெண்டாந்தரம்னு ஒரு அட்டை எழுதி, கொக்கியில வரிசையா மாட்டிட்டான். ஒண்ணு அங்கயே ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான், கதவுக்குத் தாழ்ப்பாள் போடணுமாம்.”

விடிந்தால் கடைசி நாள். காலையில் ஒருமுறை பழக்கிப் பார்க்க வீட்டில் ஒரு ஸ்க்ரூ இல்லை. ஃபோர்மேன் இன்னொரு அரை வாளி தர மாட்டார். திரும்பக் கொண்டுவா என்றுதானே சொன்னேன் என்று அவன் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

“கேட்டுச்சு” என்றான் சுன்ஃபா. அப்போதுதான் அவன் காதில் அந்தக் கருவி இருப்பதைப் பார்த்தாள். “கொண்டுவந்தா அதயும் நீ பிரிச்சிருப்ப.”

அவன் குளிக்கப் போய்விட்டான். ஷின்யே மூடிய டப்பாவின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு நாற்பதாவது கவர் மூடியதும் அந்தக் கை எங்கே போகும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பாவ்ஜூ எதிரில் உட்கார்ந்தாள். அக்டோபரிலிருந்து எத்தனை மாலை என்று கூட்டிப் பார்த்தாள். காய்ச்சல் நாட்களைக் கழித்தாள். நூற்று அறுபது. ஒரு மாலைக்கு நாற்பது. ஆறாயிரத்து நானூறு கவர் இந்தப் பெண் போட்டிருக்கிறாள். ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை, ஒவ்வொன்றையும் பெற்றவள் கையே பிரித்திருக்கிறது, அல்லது பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இன்று நாற்பது போயிற்று. ஆறாயிரத்து முந்நூற்று அறுபது கவர் அவள் மகளுக்கு இன்னும் பாக்கி.